யார் வீட்டு நாய்

செஞ்சிக்கு நான் திரும்பி வந்தது ஊர்ப் பாசத்தால் அல்ல. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தபோது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே இடது கை மாட்டி விரல்கள் நசுங்கின. பிடி இல்லாத கையை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ரயிலேற்றி விட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், செங்கல் சூளை, கேரளாவில் ஓட்டல் வேலை, பிறகு போர் வண்டி என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரும் என்னைப் பிடித்து நிறுத்தியதில்லை. வந்து இறங்கியபோது இங்கேயும் யாரும் என்னை எதிர்பார்த்து நிற்கவில்லை. என் அப்பா, நைனா, செத்துப் பல வருஷம் ஆகிறது.

திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. பகலில் பஞ்சர் கடையில் கையாள் வேலை. அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகிற வண்டிகளில் மூட்டையை முதுகில் வாங்கி ஏற்றுவேன். வல்லத்தில் கடலை பிடுங்கும் காலத்தில் களத்துக்குப் போவேன். பக்கத்தில் ஒரு டீக்கடை. அதை நடத்துகிற அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். கையில் காசில்லாத நாளில் திட்டிக்கொண்டே டீயை நீட்டுவாள்.

பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட டயர் குவியலுக்குள் ஒரு பெட்டை நாய் படுத்திருக்கும். செம்மண் நிறம், மூக்கு மட்டும் கறுப்பு. பெயர் கிடையாது. ‘ஏய்’ என்றால் வரும். காலையில் டீக்கடையில் பழைய பன், மதியம் பரோட்டாக் கடைக்குப் பின்னால் எலும்பு, ராத்திரி என் கொட்டகை வாசல். யாரைக் கேட்டாலும் தன் நாய் என்று சொல்ல மாட்டார்கள். யார் கல்லை எடுத்தாலும் எல்லோரும் சேர்ந்து அவனை அதட்டுவார்கள். செஞ்சியில் பாதி நாய்கள் இப்படித்தான் வாழ்கின்றன. யாரைப் பார்த்தாலும் வாலாட்டும், அது ஒன்றுதான் அதன் குறை.

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கடைக்காரர்களுக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டுக்காரன் வருவான், நாய் கடித்தால் மானம் போகும் என்று பேரூராட்சி ஆபீசில் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு முன்பு ஒரு தடவை உண்மையான வண்டி வந்து போயிருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்து, காது நுனியை வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். நாய் வண்டி என்றால் போய்த் திரும்பும் என்று தெரு அன்றைக்குப் படித்துக்கொண்டது.

அதனால் ஒரு வேன் வந்து நின்று, காக்கிச் சட்டை போட்டவர்கள் வலையோடு இறங்கியபோது யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. “எங்க சந்துக்கும் வாங்க சார்” என்று கூப்பிடத்தான் ஆள் இருந்தது. வெளியாள் வலையோடு வந்தால் தெரு நாய் ஓடிவிடும். தெருக்காரன் கூப்பிட்டால் வரும். தெருவே கூப்பிட்டுக் கொடுத்தது. பரோட்டாக் கடைக்காரன் எலும்பைக் காட்டி இரண்டைப் பிடித்துக் கொடுத்தான். நம் அக்கா பன்னைப் பாலில் நனைத்து டயருக்குள்ளிருந்து இதை வெளியே வரவழைத்தாள். வலை போட்டால் பயந்துகொள்ளும் என்று மஞ்சள் கரை வைத்த தன் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக் கழுத்தில் கட்டி, தானே தூக்கி வேனில் ஏற்றினாள்.

நான் அன்று வல்லத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்ததும் சொன்னாள்.

“உன் பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்யா.”

“யார சொல்ற?”

“டயருக்குள்ள படுத்துனு இருப்பாளே, அவளத்தான். ஆபரேசனுக்கு. ரெண்டு ஈத்துக் குட்டியும் லாரில அடிபட்டு செத்துச்சு. வாரி எடுத்துப் போட்டது நீயா நானா? இனிமே என்னால ஆவாது. ஒரு வாரத்துல கொண்டாந்து வுட்றேன்னாங்க.”

ஒரு வாரம் போனது. இன்னும் ஒரு வாரமும் போனது. அக்கா கடையை என்னிடம் விட்டுவிட்டுப் பேரூராட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமலே, “நாங்க எந்த வண்டியும் அனுப்பலியேம்மா” என்றாராம்.

“அப்ப வந்தது யாரு?”

“அத்த வந்தவன்கிட்ட கேக்கணும்.”

திரும்பி வந்தவள் கழுவின கிளாஸ்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பரோட்டாக் கடைக்காரன் வந்து, “எவன் புடிச்சா இன்னாக்கா, தெரு சுத்தமாச்சு இல்ல” என்றான். அவன் கொடுத்த இரண்டு நாய்களைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. நியாயம் பேசுகிற முகத்தோடு வடை தின்றுவிட்டுப் போனான். அன்று முதல் அவன் கடையில் நான் சாப்பிடுவதில்லை.

பிறகு வீடியோ வந்தது. பஞ்சர் கடை முதலாளியின் போனில், வியாபாரிகள் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அதைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டே சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். தகரம் அடித்த வட்டத்துக்குள் ஒரு பெட்டை நாய். வாயைக் கட்டுக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எதிரே தலை பெருத்த, காது அறுத்த ஒரு ஜாதி நாயைச் சங்கிலியிலிருந்து விட்டார்கள். திருப்பிக் கடிக்க முடியாததைக் கடித்துப் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பெட்டை நாயின் கழுத்தில் பச்சைத் துணி, மஞ்சள் கரை.

அக்காவுக்குக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். அவளே வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தாள். முழுவதும் பார்த்தாள். அழவில்லை. “இது எந்த எடம்?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த இடம். வட்டத்துக்குப் பின்னால் தெரிந்த பாறைச் சுவரில் மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள். கல்லில் வெடி வைக்க இப்படித் துளை போடுவார்கள். மூடிப் போட்ட அந்தக் குவாரியில்தான் நைனா கல் உடைத்தார். ஏழாவது படிக்கும்போது நானும் லீவு நாளில் அங்கே ஜல்லி அள்ளியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிப் பக்கம் தண்ணீர் கேன் நிறையப் போகிறது என்று கேன் போடுகிறவர் சொன்னார். ஒரு நாள் அவருக்குப் பதில் நான் அவருடைய லோடு ஆட்டோவில் போகிறேன் என்றேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பது அவருக்கு வசதி.

வீடியோ வெளியே போய்விட்டதாலோ என்னவோ, குவாரி வாசலில் ஒருவன் எல்லோருடைய போனையும் வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கல்யாண வீடு மாதிரி இருந்தது. சாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பிரியாணி அண்டா. ஆந்திரா வண்டிகள், கர்நாடகா வண்டிகள், சென்னைப் பிள்ளைகள். நடுவில் தகர வட்டம், உள்ளே ஆற்று மணல். கழுத்தில் விசில் மாட்டியவன் விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்தான். எது வரைக்கும் பிரிக்கக் கூடாது, எப்போது தண்ணீர் காட்டலாம் என்றெல்லாம் சுத்தமாகச் சொன்னான். ஒழுங்கு இருந்தது. குடித்துவிட்டு நாயை உதைக்கிறவனை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். இது வேறு. இதற்கு ஆள் வைத்து, பந்தல் போட்டு, சமையலுக்குச் சொல்லி, நாள் குறித்திருக்கிறார்கள்.

ஒரு சண்டையை நின்று பார்த்தேன். இரண்டு நாயும் குரைக்கவில்லை. குரைப்பது பயந்த நாய் செய்வது. இவற்றை அதற்கு மேல் கொண்டுபோயிருந்தார்கள். ஒன்று மற்றதன் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. கூட்டம் கத்தியது. முடிந்ததும் ஜெயித்த நாயின் சொந்தக்காரன் அதை மடியில் போட்டு, மஞ்சள் குழைத்துக் காயத்தில் பூசி, நெற்றியில் முத்தம் கொடுத்தான். “என் செல்லம், என் ராசா” என்றான். தோற்ற நாயைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

பந்தலுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கூண்டுகள். பழக்குவதற்குப் பிடித்துவந்த தெரு நாய்கள். சில அசையவில்லை. அதில் இதுவும் இருந்தது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது, கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. ‘ஏய்’ என்றேன். வால் அசைந்தது.

கூண்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. சண்டையை நடத்துகிறவன். எனக்கு முகம் தெரியும், ஊருக்கே தெரியும். கோழியும் கோழித் தீவனமும் விற்கிற கடை வைத்திருக்கிறான். ஆடி மாதம் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறவன்.

“யார்ரா நீ? கேன் போட்றவன் எங்க?”

“அவரு வரல. இந்த நாயி எங்க தெருது.”

“தெருதா? தெருவையும் சேத்து எடுத்துக்கினு போயேன்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஆபரேசன்னு பொய் சொல்லிப் புடிச்சாந்திருக்கீங்க.”

“யாரு புடிச்சா? உங்க தெருக்காரங்களே இஸ்துக்கினு வந்து ஏத்தி வுட்டாங்க. ஒருத்தி பன்னு ஊட்டி, துணி கட்டி, சீர் செஞ்சி அனுப்புனாளாமே.” மறுபடியும் சிரிப்பு. பிறகு என்னை உற்றுப் பார்த்தான். “நீ இங்க கல்லு ஒடச்சவன் புள்ளதான? உங்கப்பன் கல்லு தூக்குனான், நீ தண்ணி தூக்குற. வெயிட்டு கொறஞ்சிருக்குது, பரவால்ல. இத்த எடுத்துக்கினு போ. அதுல இனிமே ஒண்ணுமில்ல. பிரியாணி துன்னியா?”

நான் அவனை அடிக்கவில்லை. அங்கே ஆள் அதிகம், எனக்குக் கை ஒன்று சரியில்லை. வீரம் பேசி எழுத எனக்கு விருப்பமில்லை. நாயைச் சாக்கில் சுற்றி, காலிக் கேன்களுக்கு நடுவே வைத்து, உள்ளங்கையால் கியரைத் தள்ளி ஆட்டோவைக் கிளப்பினேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மறுநாள் காலையில் தாடையை வைத்துத் தைத்தாள். ஒரு கண் போய்விட்டது என்றாள். கம்பி வெட்டின தடம், பல் பதிந்த தடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “ஸ்டேஷனுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, “போயி என்ன ஆகப்போகுது” என்று தனக்குத்தானே சொன்னாள். எனக்குக் கேட்டது.

அக்காவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். என் பாட்டுக்கு நான் போயிருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அக்கா போட்ட சத்தத்தில் எஸ்.ஐ. வெளியே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வீடியோவைப் பார்த்தார், டாக்டரம்மா எழுதினதைப் படித்தார், உட்காரச் சொன்னார்.

“மிருகவதைச் சட்டத்துல போடலாம். அது அறுவதாம் வருஷத்துச் சட்டம். மொத தடவன்னா பத்து ரூபாயிலருந்து அம்பது ரூபா வரைக்கும் அபராதம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “அம்பதாயிரமா?”

“அம்பது ரூபாம்மா.”

“நாயோட வாய கம்பில கட்டி, இன்னொரு நாய வுட்டுக் கடிக்க வச்சதுக்கா?”

“எதுக்கா இருந்தாலும் அவ்ளோதான். சூதாட்டம்னு ஒண்ணு சேத்துப் போடலாம், அதுவும் பெருசா ஒண்ணுமில்ல. ஆனா வேற ஒரு செக்சன் இருக்குது. அடுத்தவங்க மிருகத்தக் கொன்னாலோ ஊனமாக்குனாலோ அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போலாம். அதுக்கு நஷ்டப்பட்டவங்க ஒருத்தர் வேணும். யாரோட நாய் இது?”

“என்னுது” என்றாள் அக்கா, யோசிக்காமல்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார். “உன் நாய் எப்படிம்மா அவங்க கைக்குப் போச்சு?”

“நான்தான் ஏத்தி வுட்டேன். ஆபரேசன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“காக்கிச் சட்ட போட்டவங்க. பேரு தெரியாது.”

“எழுதி வாங்குனியா? சாட்சி இருக்குதா? அவன் வக்கீலு இன்னா சொல்வான் தெரியுமா? சொந்தக்காரியே துணி கட்டி, பன்னு குடுத்து, சம்மதிச்சுக் குடுத்தா, எங்க ஆளு புடிக்கவே இல்லன்னுவான். உன் தெருக்காரங்களையே வந்து சொல்ல வைப்பான்.”

“அப்ப என்னுது இல்ல. தெரு நாயி.”

“தெரு நாயின்னா அம்பது ரூபா.”

“நடுவுல ஒண்ணும் இல்லியா சார்?” என்றாள் அக்கா.

எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. நாய் உன்னுடையது என்றால் நீயே கொடுத்தாய். உன்னுடையது இல்லை என்றால் உனக்கு என்ன வந்தது. எங்கள் தெருவில் நடந்தது இந்த இரண்டும் இல்லை. ஒரு நாய்க்குப் பத்து வாசல் சோறு போடும், பத்து வாசலில் ஒன்றுகூட அதைச் சொந்தம் என்று சொல்லாது. அதன் நன்மைக்கு என்று ஒரு பொம்பளை அதை வண்டி ஏற்றிவிடுவாள். இதைச் சட்டம் எழுதினவன் பார்த்ததே இல்லை. நாய்ச் சண்டை நடத்துகிறவனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் வலையை ஓரமாக வைத்துவிட்டு எங்களையே கூப்பிட வைத்தான்.

தெருவில் சாட்சி சொல்ல யாராவது வருவார்களா என்று கடை கடையாகக் கேட்டேன். வேன் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இப்போது ஒருவரும் பார்க்கவில்லை. அயர்ன் கடைக்காரர், “எனக்கு அன்னிக்கு ஜுரம்” என்றார். பரோட்டாக் கடைக்காரன் மட்டும் உண்மையைச் சொன்னான். “அவரு கடைலதான் எனக்குக் கோழி வருது. நாயிக்காகக் கோழிய வுட முடியுமா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போலீஸ் குவாரிக்குப் போனபோது அங்கே மணல்கூட இல்லை. ஆனால் வீடியோவில் நடத்துகிறவன் குரலும் பாதி முகமும் இருந்தன. அவன் மறைக்கவே இல்லை. வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ள அவனுக்கு என்ன கஷ்டம். ஐம்பது ரூபாயும், சூதாட்டத்துக்கு இன்னும் கொஞ்சமும் கட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான்.

நான் ஒரு தடவை டிக்கெட் இல்லாமல் ரயிலில் போய் மாட்டியிருக்கிறேன். அபராதம் கட்டக் காசில்லை. ஜெயிலில் வைத்தார்கள். கொசுக்கடியில், தெரியாத பாஷையில், ஒரு மாதத்துக்கு மேல். அதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது; டிக்கெட் எடுக்கவில்லை, உள்ளே போனேன். என் உடம்பைச் சும்மா ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதற்கு ஜெயில் இருக்கிறது. வாயைக் கம்பியால் கட்டிக் கடிக்க விட்டவனுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட இல்லை. படித்தவர்கள் இதற்கு விழிப்புணர்வு வேண்டும், மனசு மாற வேண்டும் என்று பேசுவார்கள். அவன் மனசு மாற வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. அவன் எப்படிப்பட்ட மனசை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே போக வேண்டும். அடுத்துப் பந்தல் போடுகிறவன், நாள் குறிக்கிறவன், வேன் ஓட்டுகிறவன் எல்லோருக்கும் உள்ளே போவோம் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அபராதம் கட்டின அன்றைக்குச் சாயங்காலமே அவன் டீக்கடைக்கு வந்தான். கூட மூன்று பேர். பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“யக்கா, நாலு டீ. சக்கர கம்மி.”

“டீ இல்ல.”

“பாலு பொங்கி வழியுது, டீ இல்லன்ற?”

“பாலு இருக்குது. டீத்தூளு இருக்குது. உனக்கு இல்ல.”

“கோர்ட்டே என்ன வுட்டுடுச்சு. நீ பெரிய ஐகோர்ட்டா?”

“கோர்ட்டுக்கு நீ காசு குடுத்த. என்கிட்ட உன் காசு செல்லாது. ஏந்திரி.”

அவன் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. தினமும் அவன் ஆட்கள் வந்து பெஞ்சு முழுக்க உட்கார்ந்துகொண்டு போன் பார்த்தார்கள். வேறு யாரும் உட்கார இடமில்லை. வழக்கமாக வருகிறவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். போனவர்கள் அங்கே நின்றுகொண்டு அக்காவுக்குத் திமிர் என்றார்கள்.

நாய் பிழைத்துக்கொண்டது. தாடை கோணலாகக் கூடியது. கூழும் பாலும்தான் உள்ளே போகும். ஆனால் முன்னே இருந்த நாய் இல்லை. அக்கா பன்னைப் பாலில் நனைத்துக்கொண்டு டயர் குவியலுக்குக் கிட்டே போன முதல் நாள், அது பல்லைக் காட்டியது. “ஏய், நான்தான்டி” என்று கையை நீட்டினாள். கையைக் கடித்துவிட்டது. சரியில்லாத தாடையால் கடித்ததில்கூட ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டில் அக்கா, “கடிக்கட்டும். அதுக்குத் தெரிஞ்சது என் கைதான். அந்தக் கைதான் ஏத்தி வுட்டுச்சு” என்றாள். அதன் பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுவாள். அவள் கடைக்குள் போன பிறகுதான் அது வெளியே வரும்.

கடித்தது தெரிந்ததும் தெருக்காரர்களுக்கு வாய் வந்துவிட்டது. வெறி நாய், அடித்துப் போட வேண்டும் என்றார்கள். ஜுரத்தில் கிடந்த அயர்ன் கடைக்காரர் தெம்பாக வந்து முன்னால் நின்றார். அக்கா கடையிலிருந்து கொதிக்கிற பாலை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவர்கள் கலைந்து போனார்கள். அன்றைக்கு அண்டாவை இறக்கி வைத்த கையோடு என்னிடம் சொன்னாள்.

“திங்கக்கெழம விழுப்புரம் போலாம். கலெக்டராண்ட மனு குடுக்கலாம்.”

“யார் மேல? அவன் மேல கேசு முடிஞ்சு போச்சே.”

“அவன் மேல இல்ல. அந்த அம்பது ரூபா மேல.”

மனுவை நான் எழுதினேன். என் எழுத்து கோணல், ஆனால் புரியும். நாயை வைத்துச் சண்டை நடத்துகிறவனை, அதற்கு ஆள் பிடிக்கிறவனை, வண்டி கொடுக்கிறவனை, இடம் கொடுக்கிறவனை வருஷக்கணக்கில் ஜெயிலில் போட வேண்டும். நாய் யாருடையது என்று பார்த்துத் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஏமாற்றி வாங்கின நாயைச் சம்மதத்தோடு வாங்கினதாகச் சொல்லக் கூடாது. இவ்வளவுதான் எழுதினேன். ‘தாழ்மையுடன்’ என்று ஆரம்பித்ததை அக்கா அடிக்கச் சொன்னாள். “நாம இன்னா தப்பு பண்ணோம் தாழ்மையா கேக்க?”

கலெக்டர் ஆபீஸ் கேட்டில் பெண் போலீஸ் அக்காவின் பையைக் கொட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். மனு கொடுக்க வருகிறவர்கள் மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுகிறார்களாம். “அந்த அளவுக்கு இன்னும் வரல” என்றாள் அக்கா. போலீஸ்காரி சிரிக்கவில்லை.

வரிசை நீளம். எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்தார்.

“இது இங்க வராதும்மா. சட்டத்த மாத்துறது பார்லிமென்ட்டு. பட்டா, பென்சன், ரேசன் இருந்தா குடு.”

“மனு வாங்கத்தான ஒக்காந்துனு இருக்கீங்க. வாங்கி அனுப்புங்க.”

“அனுப்புனா ஒண்ணும் ஆவாது.”

“அது அவங்க சொல்லட்டும். நீங்க ஏன் முன்னாடியே சொல்றீங்க?”

பின்னாலிருந்து ஒருவர் முதுகில் இடித்தார். வேட்டி கட்டின பெரியவர், வல்லம் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. “யம்மா, நாயிக்கா இவ்ளோ நேரம்? எனக்கு நெலம் போச்சு, நகரு.”

அக்கா திரும்பினாள். “உன் நெலத்த எவனோ புடுங்குனானா?”

“பங்காளிதான் புடுங்குனான்.”

“அவன உள்ள வச்சாங்களா?”

“எங்க வச்சாங்க? அதுக்குத்தான் மறுபடியும் மறுபடியும் வரேன்.”

“அப்ப பேசாம என் பின்னாடி நில்லு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அதிகாரி வேறு வழியில்லாமல் மனுவை வாங்கி, சீல் வைத்து, ஒரு ஓரத்தில் ஏதோ எழுதி மனுக் கட்டுக்குள் போட்டார். அடுத்த ஆள் என்றார். அக்கா நகரவில்லை. ரசீது கேட்டாள். நாய் மனுவுக்கெல்லாம் ரசீது எதற்கு என்று அவர் கேட்டார். நாய் மனுவுக்குத்தான் வேண்டும், மற்றதை நீங்கள் தொலைக்க மாட்டீர்கள் என்றாள். ரசீது வந்தது.

போர் வண்டிக்காரர் போன் செய்தார். குழாய் தூக்க வேண்டாம், சமைத்துப் போடு, ஒரிசாவில் வேலை இருக்கிறது என்றார். முன்பானால் பையைத் தூக்கியிருப்பேன். இப்போது முடியாது என்றேன். காரணம் கேட்டார். ஒரு ஆள் உள்ளே போக வேண்டியிருக்கிறது, அது வரைக்கும் இங்கே வேலை இருக்கிறது என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

மனுவுக்குப் பதில் வரவில்லை. சண்டை வேறு ஏதோ ஒரு பாறைக்குப் பின்னால் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் வண்டிகள் எங்கள் ரோட்டைத் தாண்டிப் போகின்றன. அவன் ஆட்கள் காலையில் வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள். அக்கா அவர்கள் தலைக்கு மேலே கையை நீட்டி, ரோட்டில் நிற்கிறவர்களுக்கு டீ கொடுக்கிறாள். திங்கட்கிழமைதோறும் கடைக்கு லீவு. அதே மனுவை மறுபடியும் எழுதிக்கொண்டு நாங்கள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறுகிறோம்.